ஒலுவில் துறைமுகமும் கரையிழக்கும் ஊர்களும்

துறைமுக வாயிலை அடைத்துக் கிடக்கும் மணலை உடனே அகற்ற வேண்டும் என்று மீனவர்கள் கோரினார்கள். எங்கள் கரைக்கு ஒரு வழி சொல்லாமல் ஒரு கூடை மணலையும் அள்ள விடமாட்டோம் என்று துறைமுகம் அமைந்துள்ள ஊரின் மக்கள் மறித்து நின்றார்கள். 2018ஆம் ஆண்டில் ஒலுவிலில் உருவான இந்த நிலைமையைத் தொலைவிலிருந்து செய்தியாகப் படித்தவர்களுக்கு எது நியாயம் என்று விளங்கியிருக்க நியாயமில்லை. இரு தரப்பினரும் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களைச் சேர்ந்தவர்கள். தேர்தல் காலத்தில் ஒரே மேடையின் கீழ் நின்று ஒரே பாடலைக் கேட்டவர்கள். அவ்வாறிருந்தும் மணல் அவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு சாராரின் பிழைப்பு அந்த மணல் அகற்றப்படுவதில் தங்கியிருந்தது. மறு சாராரோ தமது கையில் எஞ்சியிருந்த ஒரே பேரம்பேசும் பொருளாக அதனைக் கண்டார்கள்.

இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் துறைமுகத்திலிருந்து தொடங்கினால் போதாது. அந்த ஊரிலிருந்தே தொடங்க வேண்டும்.

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கி அக்கரைப்பற்றுக்குச் செல்லும் பெருவீதியில் பயணம் செய்வோர், ஊருக்கும் ஊருக்கும் இடையில் எல்லை தெரியாத நெருக்கத்தைக் காண்பார்கள். சாய்ந்தமருது, மாளிகைக்காடு, தமிழ்க் கிராமமான காரைதீவு, பின்னர் நிந்தவூர் என்று வீடுகள் தொடுத்தாற்போல் நிற்கும். நிந்தவூரைக் கடந்த பின்னரே சற்று வெளி விடுகின்றது. வீதியின் இருமருங்கும் வயல் தெரியும். களியோடைப் பாலம் வரும். அதனைத் தாண்டினால் ஒலுவில். அதற்கப்பால் பாலமுனை, அட்டாளைச்சேனை. நிருவாக ரீதியில் அட்டாளைச்சேனைப் பிரதேச செயலகப் பிரிவுக்கு உட்பட்ட ஒலுவில், கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவில் இரு பட்டினங்களினதும் புறத்தே ஒதுங்கிக் கிடந்த ஊராகும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நெல்வயல். நடுவே தென்னையும் குடியிருப்பும் கொண்ட மணல் நிலம். இந்தக் கரையின் எல்லா ஊர்களுக்கும் பொதுவான அமைப்பு இதுதான். கிழக்கே போனால் மீன், மேற்கே போனால் நெல். இரண்டையும் பார்த்துக்கொண்டு வாழ்ந்த மக்கள், பெரும்போகத்துக்கு மழை பொய்த்தால் கடலை நம்பினார்கள். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்தால் வயலில் கூலிக்கு நின்றார்கள்.

வயல் நிலத்தின் கதை தனியாக எழுதப்பட வேண்டியது. 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டம் இம்மாவட்டத்தை நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்றாக ஆக்கியது உண்மை. அதே திட்டம் குடியேற்றங்களைக் கொண்டுவந்ததும், 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை தனி மாவட்டமானதும், கரையோரத் தமிழரும் முஸ்லிம்களும் தமது நிலமும் நீரும் குறித்து அன்றிலிருந்து முறையிட்டு வருவதும் உண்மையே. இங்கு நாம் சொல்ல வருவது ஒன்றுதான். மேற்கே விரிவடைய இடமற்றுப்போன கரையோரச் சமூகம், சனத்தொகை பெருகப் பெருக, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்திலேயே தன் வீடுகளை நெருக்கிக் கட்ட வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் நமது கரையின் ஒரு வழக்கத்தை நினைவுகூர வேண்டியுள்ளது. வெளியூர்ப் பொறியியலாளர்களும் கொழும்பு அதிகாரிகளும் இதனை அறிந்திருக்கமாட்டார்கள். மட்டக்களப்பு முதல் அக்கரைப்பற்றுக்கு அப்பாலும், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், வீடும் வளவும் பெண் பிள்ளைக்கே போகும். திருமணமான மகன் மனைவியின் வீட்டுக்குப் போகின்றான். மகள் பிறந்த வளவிலேயே, அல்லது அதன் பக்கத்தில் வெட்டிக் கொடுக்கப்பட்ட துண்டிலேயே குடியிருக்கின்றாள். ஒரு தகப்பன் வாழ்நாள் முழுவதும் உழைப்பது எத்தனை குமர்கள் இருக்கின்றார்களோ அத்தனை வீடுகள் எழுப்புவதற்காகத்தான். மூத்தவளுக்குப் பழைய வீடு, இளையவளுக்குப் பின்வளவு, கடைக்குட்டிக்குக் கடற்கரைப் பக்கத்துத் தென்னந்தோட்டம் என்று அவன் மனதில் கணக்குப் போட்டு வைத்திருப்பான். ஆகவே இக்கரையில் கடல் ஒரு தென்னந்தோட்டத்தைக் கொண்டுபோனால் தேங்காய் வருமானம் மட்டும் போவதில்லை. இன்னும் வயதுக்கு வராத ஒரு பெண் பிள்ளையின் சீதன வளவு போகின்றது. இழப்பீட்டுப் படிவங்களில் இதற்கென ஒரு கட்டம் இருப்பதாக நாம் காணவில்லை.

ஒலுவில் என்ற பெயர் நாடெங்கும் தெரியவந்தது யுத்த காலத்திலேதான். 1990இன் பின்னர் வடக்கு கிழக்கில் ஏற்பட்ட கொடுமைகளை இங்கு மீட்டிப் பார்க்க நாம் விரும்பவில்லை. இரு சமூகங்களுக்கும் ஆறாத காயங்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் இருந்த பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மாணவர்கள் கல்வியைத் தொடர முடியாத நிலை தோன்றியபோது, 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டு, 1996இல் அது முழுமையான பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்டது. அதற்கு நிலையான இடமாக ஒலுவில் அமைந்தது. இதன் பின்னணியில் நின்றவர் 1994 முதல் கப்பல், துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சராகப் பதவி வகித்த ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப். சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த அவருக்கு இக்கரையின் ஒவ்வொரு சந்தியும் தெரியும். பல்கலைக்கழகம் ஒன்று, துறைமுகம் ஒன்று, இரண்டும் அருகருகே என்பது அவரது திட்டமாக இருந்தது. 1990களின் இறுதியில் ஒலுவில் கரையில் வெளிச்சவீடு எழுந்தது. கப்பல் வருமுன்னர் வெளிச்சம் வந்துவிட்டது என்று ஊரவர் பகிடியாகச் சொன்னாலும் அதில் பெருமையும் கலந்திருந்தது. 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி அம்பாறை நோக்கிப் புறப்பட்ட ஹெலிகொப்டர் அரநாயக்கவில் விழுந்து நொறுங்கியபோது, அந்தத் திட்டம் தன் தகப்பனை இழந்தது. அதற்குப் பின்னர் அது ஒரு கனவாகவும், வருகின்ற தேர்தலிலெல்லாம் எடுத்துக் காட்டப்படும் படமாகவும் மாறிப்போனது.

கனவை விமர்சிப்பது மறைந்த தலைவரை அவமதிப்பதாகும் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருந்தமையை இங்கு மறைக்காமல் குறிப்பிட வேண்டும். துறைமுகம் எங்கே அமைய வேண்டும், எவ்வளவு பெரிதாக அமைய வேண்டும், மணல் எப்படி நகரும் என்ற கேள்விகளை எழுப்பியவர்கள் ஊரின் அபிவிருத்திக்குக் குறுக்கே நிற்பவர்களாகப் பார்க்கப்பட்டார்கள். அன்று எழுதுகோல் பிடித்த நாமும் அக்கேள்விகளை உரக்கக் கேட்கவில்லை.

இடையில் 2004 டிசெம்பர் 26 வந்தது. இலங்கையில் ஆழிப்பேரலையால் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களில் கரையோர வரிசைகள் துடைத்தெறியப்பட்டன. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்த அரசாங்கம் பின்னர் அந்த எல்லையைத் தளர்த்தியது. தளர்த்தாமல் வேறு வழியும் இருக்கவில்லை. கரையிலிருந்து எழுப்பப்பட்டவர்கள் போய்க் குடியேற மேற்கே காணி எங்கே? அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நன்கொடையில் கட்டப்பட்ட 500 வீடுகள், பகிர்ந்தளிப்புத் தொடர்பான வழக்கிலும் அரசியலிலும் சிக்கி, பாதிக்கப்பட்டோரின் கைக்கு வராமல் காடு பற்றிப் பாழடைந்த கதையை வாசகர்கள் அறிவார்கள். ஒரு மீற்றர் கரையும் பெறுமதியுள்ளது என்பதை அந்த ஆண்டுகளில் இம்மாவட்டம் படித்தது. அதன் பின்னரே துறைமுகம் கட்டப்பட்டது என்பதை மனதிற்கொள்ள வேண்டும்.

2008ஆம் ஆண்டு ஜூலையில் கட்டுமானப் பணிகள் தொடங்கின. டென்மார்க் அரசின் கடனுதவி. ஏறத்தாழ 46 மில்லியன் யூரோ. காணிகள் சுவீகரிக்கப்பட்டன. மணற்கரையில் கல் ஏது? உள்நாட்டுக் கற்குன்றுகளிலிருந்து பாறைகள் லொறி லொறியாக வந்து கடலுக்குள் கொட்டப்பட்டன. இரு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. வணிகக் கப்பல்களுக்கு ஒரு பகுதி, மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு பகுதி என்று உள்ளே பிரிக்கப்பட்டது. 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ அதனைத் திறந்து வைத்தார். கொழும்புக்கும் தென்கிழக்குக்கும் இடையில் பொருட்கள் கடல்வழியே வந்துபோகும், வேலைவாய்ப்புப் பெருகும் என்றெல்லாம் அன்று சொல்லப்பட்டது. வணிகத் துறைமுகமாக ஒலுவில் ஒழுங்காக இயங்கிய காலமென்று ஒன்று அதன் பின்னர் வரவில்லை. தெற்கே ஹம்பாந்தோட்டையில் கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய துறைமுகத்துக்கே கப்பல் தேடியலைந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

வராத கப்பலைப் பற்றி ஒலுவில் மக்கள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அவர்களைக் கலங்க வைத்தது, அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்ட நாளிலிருந்து கரை நடந்துகொண்ட விதம்.

கிழக்குக் கரையின் மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. அலைகள் கரையைச் சரிவாக மோதும்போது மணலை அள்ளி ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டே போகின்றன. வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு திசையும் மற்றக் காலத்தில் மறு திசையுமாக அது ஓடினாலும், ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்கின்றது. கடற்கரை என்பது உண்மையில் மணலாலான ஓர் ஆறு. ஒலுவில் கரை ஒவ்வோர் ஆண்டும் நிந்தவூருக்கு மணல் கொடுத்தது; தெற்கேயிருந்து அதே அளவை வாங்கிக்கொண்டது. கொடுக்கல் வாங்கல் சரியாக இருந்தவரை கரை அசையாமல் இருப்பதுபோலத் தோன்றியது. அந்த ஆற்றின் குறுக்கே கல்லணை ஒன்றைப் போட்டதும், தெற்குப் பக்கத்தில் மணல் குவியத் தொடங்கியது. சுவரின் நுனியைச் சுற்றி வந்த மணல் துறைமுக வாயிலில் படிந்தது. வடக்குப் பக்கத்துக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. ஆனால் வடக்கே போக வேண்டிய மணல் போய்க்கொண்டே இருந்தது. கரை தன் முதலிலிருந்து செலவழிக்கத் தொடங்கியது.

அதன் விளைவை ஊரார் கண்ணால் கண்டார்கள். முதலில் தாழைப் புதர்கள் போயின. பின்னர் மீனவர் வாடிகள். அதன் பின்னர் காய்த்து நின்ற தென்னைகள் வேரோடு சாய்ந்து கடலில் கிடந்தன. வெளிச்சவீட்டை அண்டிய கரையும் அரிப்புக்கு உள்ளானது. கடலுக்கும் ஊருக்கும் இடையில் இருந்த தென்னந்தோட்டங்கள் ஒவ்வொன்றாக ஒடுங்க, அடுத்த வரிசையில் இருந்த வயலும் வளவும் கடலைப் பார்க்கத் தொடங்கின. உப்பு நீர் ஏறிய வயலில் நெல் எப்படி விளையும் என்பதை விவசாயிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இதனை எதிர்பாராத அனர்த்தம் என்று கூறித் தப்பிக்க எவருக்கும் இயலாது. சென்னைத் துறைமுகத்தை ஆங்கிலேயர் 1870களில் கட்டத் தொடங்கியபோது இதே கதைதான் நடந்தது. தெற்குப் பக்கத்தில் தேங்கிய மணலே இன்று உலகம் வியக்கும் மெரினாக் கடற்கரை. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றது. மெரினாவில் காற்று வாங்குவோர் இதனை நினைப்பதில்லை. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பின்னர் நகரின் முன்னாலிருந்த மணற்கரை மறைந்து கருங்கல் மட்டும் எஞ்சியது. தேங்கும் மணலைக் குழாய் வழியே மறுபக்கம் கொண்டுசெல்லும் ஏற்பாடு அத்திட்டத்திலேயே இருந்தது. ஆனால் அது முறையாக இயக்கப்படவில்லை. அங்கே நடந்த இன்னொன்று நமக்கு மிகவும் பயன்படும் பாடமாகும். நகரைக் காக்கக் கல் போட்டார்கள். அரிப்பு வடக்கேயுள்ள மீனவக் குப்பத்துக்குப் போனது. அங்கும் கல் போட்டார்கள். அது அடுத்த குப்பத்துக்குப் போனது. இவ்வாறே எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரை சென்றது. நமது நாட்டிலும் தெற்கே கிரிந்த மீன்பிடித் துறைமுகம் 1980களில் கட்டி முடித்த சிறிது காலத்திலேயே மணலால் நிரம்பி, மறுபடியும் வெளிநாட்டு உதவியுடன் சீரமைக்க வேண்டியதாயிற்று. கிரிந்தவின் அனுபவம் கோப்புகளில் இருந்த காலத்திலேதான் ஒலுவில் வரையப்பட்டது.

ஆகவே, மணல் நகரும் கரையில் சுவர் கட்டுவோர் அந்த மணலை ஆண்டுதோறும் மறுபக்கம் எடுத்துக் கொடுக்கும் செலவையும் துறைமுகத்தின் செலவாகவே எழுத வேண்டும். அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் பகுதியில் ஒரு முகத்துவாரத்தில் 1986 முதல் இதனைச் செய்து வருகின்றார்கள். தெற்குப் பக்கத்தில் கடலுக்குள் ஒரு மேடை. அதிலிருந்து மணலை உறிஞ்சும் இயந்திரங்கள். வாயிலின் அடியால் செல்லும் குழாய். வடக்குக் கரையில் மணல் வந்து கொட்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் கனமீற்றர். அங்கும் கடல் கடல்தான், அலை அலைதான். ஒரு தடவை செய்து படம் எடுத்துக்கொண்டு வந்துவிடும் வேலையாக அதனை அவர்கள் கருதவில்லை. தண்ணீர், மின்சாரம் வழங்குவதுபோல ஓயாமல் செய்யும் சேவையாகக் கருதினார்கள்.

ஒலுவிலில் செய்யப்பட்டது என்ன? அரிப்பு முற்றிய இடங்களில் கற்கள் போடப்பட்டன. போட்ட இடத்தில் கரை சிறிது நின்றது. கற்கள் முடிந்த இடத்திலிருந்து கடல் மறுபடியும் தொடங்கியது. புதுச்சேரியில் கண்டதுதான். நிந்தவூர் மக்கள் இதனை நன்கறிவார்கள். இன்னும் வடக்கே, மாளிகைக்காடு, சாய்ந்தமருது கரையில் கடந்த சில ஆண்டுகளில் ஏற்பட்ட அரிப்பில் மையவாடியின் மதில் சரிந்து, அடக்கம் செய்யப்பட்டவர்களின் கப்றுகளைக் கடல் தொட்டதைக் கண்டு ஊரே கலங்கியது. அதற்கும் ஒலுவில் சுவரே காரணம் என்று ஆய்வின்றி நாம் துணிந்து கூறமாட்டோம். கரையை நெருக்கிக் கட்டிய கட்டடங்களும், ஆற்று மணல் அகழ்வும், உயர்ந்துவரும் கடல் மட்டமும் தத்தமது பங்கைச் செலுத்துகின்றன. ஆனால் தெற்கேயிருந்து வரும் மணல் பல ஆண்டுகளாகத் தடைப்பட்டிருக்கும் ஒரு கரையில் இவை நடக்கின்றன என்பதையும் தள்ளிவிட முடியாது.

இப்போது மீனவர் தரப்பைப் பார்ப்போம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய ஊர்களில் ஆழ்கடலுக்குச் சென்று பல நாள் தங்கிப் பிடிக்கும் இயந்திரப் படகுகள் ஏராளம். ஒவ்வொன்றும் பல இலட்சம் ரூபா கடனில் வாங்கப்பட்டது. இவற்றுக்குக் கரையில் ஒதுக்கிடம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரமிட்டுவிட்டுச் சிறு வள்ளத்தில் கரைக்கு வர வேண்டும். வாடைக்காலத்தில் ஓர் இரவு காற்று எழும்பினால் நங்கூரம் அறுந்து படகு கரையில் மோதிச் சிதறும். மறுநாள் காலையில் பலகைகள் மிதந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் உரிமையாளரின் நிலையை எழுத்தில் வடிக்க முடியாது. அதற்கஞ்சி வாழைச்சேனைக்கோ திருகோணமலைக்கோ படகைக் கொண்டுபோனால் எரிபொருளும் ஐஸும் ஆட்கூலியும் வருமானத்தை விழுங்கிவிடும். ஒலுவில் மீன்பிடித் துறைமுகம் இவர்களுக்கு ஆடம்பரமன்று. வாயிலில் மணல் தட்டி, பெரிய படகு உள்ளே நுழைய முடியாதபோது அவர்கள் வீதிக்கு இறங்கியதில் பிழை காண நாம் தயாரில்லை.

மீனவரிலும் இருவகையினர் உண்டு. ஆழ்கடல் படகுகளுக்குத் துறைமுகம் தேவை. கரைவலைக்காரருக்குக் கரை தேவை. தோணியில் வலையை அரைவட்டமாக வளைத்து விட்டு இரு முனைகளையும் கரையிலிருந்து இழுக்கும் கரைவலைக்கு அகன்ற, கல்லில்லாத மணற்பாடு வேண்டும். கரை அரித்து, அதன் மேல் கல்லும் போட்ட பின்னர் வலையை எங்கே இழுப்பது? ஒலுவிலில் கரைவலையை நம்பியிருந்த ஏழைக் குடும்பங்கள், துறைமுகத்தால் பயன்பெறாத மீனவர்களாக இருக்கின்றார்கள். வலை இழுக்கப் போன கிழவருக்கும் சிறுவருக்கும் ஒரு பங்கு மீன் கிடைக்கும் பழைய ஏற்பாடு அவர்களோடு ஒழிகின்றது. கறிக்கு மீன் வாங்கக் காசு தேவைப்படாத வீடுகள் ஒரு காலத்தில் இருந்தன.

பல்கலைக்கழகம் ஊரை வேறுவிதமாக மாற்றியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும், எல்லாச் சமூகங்களிலிருந்தும் மாணவர்கள் வருகின்றார்கள். அறைகள் வாடகைக்குப் போகின்றன. சாப்பாட்டுக் கடைகள், போட்டோப் பிரதிக் கடைகள் பெருகியுள்ளன. சிங்களம் பேசும் பிள்ளைக்கு இடியப்பம் கட்டிக் கொடுக்கும் உம்மாவை ஒலுவிலில் காணலாம். அஷ்ரஃப் நட்ட இரண்டு மரங்களில் ஒன்று காய்க்கின்றது. மற்றதன் நிழலில் நிற்க முடியவில்லை என்பதற்காக முதலாவதை மறந்துவிடக்கூடாது. ஆனால் அறை வாடகை பெருவீதியோரத்து வீடுகளுக்குக் கிடைக்கின்றது. அரிப்பு கடலோரத்து வளவுகளில் நடக்கின்றது. நன்மை ஒரு தெருவுக்கும் தீமை மற்றத் தெருவுக்கும் போனால் ஊர் ஒரே குரலில் பேசாமல் போவதும் இயல்புதானே.

மணல் அகழ்வை ஒலுவில் மக்கள் மறித்தமைக்கு இந்தப் பின்னணியே காரணம். அகழப்படும் மணல் எங்கே கொட்டப்படும் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்டார்கள். வடக்குக் கரையில் கொட்டப்படுமாயின் அது மருந்து. லொறியில் ஏறி வேறெங்கோ போகுமாயின் அது கரையின் மீது நடத்தப்படும் இன்னொரு கொள்ளை. கட்டட வேலைக்கு மணல் விலையேறியுள்ள நாட்டில் அந்த அச்சத்தை வீண் அச்சம் என்று எவர் சொல்லுவார்? மீனவர் கேட்டதும் ஊரார் கேட்டதும் உண்மையில் ஒரே வேலையின் இரு பாதிகளே. வாயிலில் கிடக்கும் மணலை எடுத்து வடக்குக் கரையில் இட்டால் படகுக்கு வழியும் கரைக்கு மணலும் ஒருங்கே கிடைக்கும். இதனை ஒரே மேசையில் இருத்திச் சொல்லித் தீர்க்க வேண்டியவர்கள், தத்தமது வாக்காளரின் பக்கம் நின்று அறிக்கை விட்டார்கள். கல்முனைப் பிரதிநிதி மீனவர் பக்கம், மற்றவர் ஊர்ப் பக்கம் என்று பிரிந்து நிற்பது எளிது.

பொறுப்பு யாருடையது என்று தேடிப் புறப்பட்டால் அதுவே ஒரு சுற்றுலா ஆகிவிடும். துறைமுகமும் அதன் காணியும் இலங்கைத் துறைமுக அதிகார சபையின் பெயரில் தொடங்கியவை. படகுகளின் பக்கம் மீன்பிடி அமைச்சுக்கும் மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனத்துக்கும் உரியது. கரை, 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கரையோரம் பேணல் திணைக்களத்தின் பொறுப்பு. காணியிழந்தோர் மாவட்டச் செயலகத்தின் வாசலில் நிற்க வேண்டும். கடன் கொடுத்த நாட்டுக்கு வேலை 2013இல் முடிந்துவிட்டது. ஒவ்வொரு திணைக்களமும் தன் எல்லைக்குள் நின்று பார்த்தால் தவறேதும் இல்லை என்றே தெரியும். மணலோ எந்தத் திணைக்களத்தின் எல்லையிலும் நிற்பதில்லை.

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கை பெரிய கனவொன்றன்று. ஒலுவில் துறைமுகத்தின் மணல் முகாமைத்துவம் ஒரே நிறுவனத்தின் கையில், ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பின் கீழ் ஒதுக்கப்படும் பணத்துடன் ஒப்படைக்கப்பட வேண்டும். வாடைக்கு முன்னர் எவ்வளவு மணல் எடுக்கப்பட்டது, வடக்கே எந்த இடத்தில் இடப்பட்டது, கரை எத்தனை மீற்றர் நகர்ந்தது என்ற அளவீடுகள் தமிழில் அச்சிடப்பட்டு ஒலுவில், நிந்தவூர், காரைதீவு ஊர்களின் பள்ளிவாசலிலும் கோவிலிலும் மீனவர் சங்கங்களிலும் ஒட்டப்பட வேண்டும். அகழும் மணலில் ஒரு லொறிகூட விற்கப்படமாட்டாது என்ற உறுதி எழுத்தில் தரப்பட வேண்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் உள்ளது. துறைமுகம் அதன் பக்கத்தில் உள்ளது. கரையை அளக்கும் பணியைப் பிற நாட்டு நிபுணருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

இது செலவுள்ள வேலைதான். கடனில் மூழ்கி 2022இல் வங்குரோத்தை அறிவித்த நாடு இச்செலவைத் தாங்குமா என்று கேட்கப்படலாம். தாங்க முடியாதெனில் அடுத்த தெரிவையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். வணிகக் கப்பலுக்கென நீட்டப்பட்ட சுவரின் நீளத்தைக் குறைத்து, படகுகளுக்கு மட்டும் போதுமான சிறு துறையாக மாற்ற முடியுமா என்பதை நிபுணர்கள் கணக்கிட்டுச் சொல்லட்டும். வராத கப்பலுக்காகக் கட்டிய சுவரை மரியாதைக்காக வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மர்ஹூம் அஷ்ரஃப் உயிரோடிருந்தால் தன் பெயரைக் காக்க ஓர் ஊரின் கரையைப் பலியிடச் சம்மதித்திருப்பார் என்று நாம் நம்பவில்லை.

இதனை முஸ்லிம்களின் விவகாரம் என்று தமிழ் வாசகர்கள் கருதிவிடக்கூடாது என்பதையும் சொல்லி வைக்க விரும்புகின்றோம். நிந்தவூருக்கு வடக்கே காரைதீவு. கல்முனைக்கு அப்பால் பாண்டிருப்பும் பெரியநீலாவணையும். தெற்கிலிருந்து வர வேண்டிய மணலை இந்தக் கரை முழுவதும் பங்கிட்டுக்கொண்டுதான் நிற்கின்றது. பிரதேச செயலகம் யாருக்கு, எல்லை எங்கே என்று நாம் தரையில் கோடு கீறி வாதாடிக்கொண்டிருக்கும் அதே வேளையில் கோடு கீறத் தரை குறைந்துகொண்டு வருகின்றது.

இழந்தவர்களின் விடயம் எஞ்சியுள்ளது. துறைமுகத்துக்கெனச் சுவீகரிக்கப்பட்ட காணிகளின் நட்டஈடே திறப்பு விழாவுக்குப் பின்னரும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. சுவீகரிக்கப்படாமல் கடல் கொண்டுபோன காணிகளின் கதை அதைவிடச் சிக்கலானது. அவற்றை அரசு எடுக்கவில்லை, கடல்தான் எடுத்தது என்று கூறிக் கோப்பை மூடிவிடுவது எளிது. அரசு கட்டிய சுவர் காரணமாகக் கடல் எடுத்த நிலத்துக்கு அரசே பொறுப்பு என்ற கொள்கை முதலில் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும். அதன் பின்னர் அலைதடுப்புச் சுவர்கள் எழுவதற்கு முந்திய வான்வழிப் படங்களையும் செய்மதிப் படங்களையும் இன்றைய கரையோடு ஒப்பிட்டு, எந்த வளவு எவ்வளவு போயிற்று என்று நில அளவைத் திணைக்களம் அளந்து பதிவு செய்யலாம். ஒலுவிலில் இன்னும் பல வீடுகளில், பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்ட காணி உறுதிகள் பெண் பிள்ளைகளின் பெயரில் இருக்கின்றன. அவற்றில் கிழக்கு எல்லை கடற்கரை என்றே எழுதப்பட்டிருக்கும். அந்த உறுதிகள் அனைத்தையும் வாங்கிப் பதிந்து கொள்வதற்கு அட்டாளைச்சேனைப் பிரதேச செயலகத்தில் ஒரு மேசையும் ஒரு உத்தியோகத்தரும் போதும். அடுத்த வாடைக்கு முன்னர் அதனையாவது தொடங்கலாம்.